லென்ஸில் சந்தனம்

ஆனி 14, வெள்ளி

இன்று நான் பொய் சொல்லி ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தேன்.

ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்க வாங்கிய புதுக் கேமராவில் கூரம் கோயில் முழுக்கப் புகைமூட்டமாக விழுந்திருந்தது. கடைக்குப் போய், பழுதானதை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கத்தினேன். எனக்கு அதை விற்ற கடைப்பெண் சுமதி லென்ஸைத் துடைத்தாள். துணி மஞ்சளானது.

"தாத்தா, சந்தனம் அப்பிக்கினு இருக்குது. பூஜை போட்டீங்களா?"

போட்டேன். பொட்டு வைத்ததும் நான்தான், வேட்டி முனையால் தேய்த்ததும் நான்தான். ஆனால் கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் வைக்கல. இப்படித்தான் குடுத்தா" என்றேன்.

முதலாளி அவளிடம், "கடையில பூஜை போட்ட ஷோகேஸ் பீஸையா பாக்காம குடுத்த? நாளைலேர்ந்து வராதம்மா" என்றார். அவரும் விசாரித்திருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள், மஞ்சளான துணியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

வாங்கிய அன்று லென்ஸை எப்படித் துடைப்பது என்று அவள் சொல்லித்தர வந்தபோது, "எனக்கு யாரும் கத்துக்குடுக்க வேணாம்மா" என்று பையை மூடியவன் நான்.

நாளை கடை திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்ன பொய்யை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளி அவளைத் திரும்ப அழைக்க வேண்டும். லென்ஸைத் துடைக்க அவள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், மனமிருந்தால்.