கடைசிப் படத்தில் உன் பெயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது தனியாகக் குரல் கொடுக்கிறது, அதையும் தைலம் தடவிச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறோம். நீயும் புது வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது என்று சலித்துக்கொண்டாயே, வெளிச்சம் வந்தால் போதும், காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் என்றால் நடுவில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், நானும் பாதியில் மழுப்பிவிடுவேன். சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் பள்ளிக்கூடக் கதை கொஞ்சம் கேட்க வேண்டும்.

எங்கள் ஆறாம் வகுப்புக்குப் பத்து டேப்லெட் வந்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு கதை எழுதி, அதற்குப் படம் வரைந்து, போட்டோ எடுத்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் தங்கள் குரலிலேயே பேசிப் பதிவு செய்ய வேண்டும், பெற்றோர் கூட்டத்தன்று பெரிய திரையில் காட்ட வேண்டும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது எனக்கு இந்த வம்பு எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் நாள் இருபது நிமிடம் ஏற்ற இறக்கத்தோடு பேசிப் பதிவு செய்து போட்டுக் காட்டினால், கரகரவென்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. முழு நேரமும் மைக்கின் மேலேயே விரலை வைத்திருந்திருக்கிறேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன், வேறு வழி. இப்போது தேறிவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் பழைய திரைச்சீலை இரண்டைக் கட்டித் தொங்கவிட்டு அதுதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம், ஒரு குழு உள்ளே போனால் வெளியே ஒருவர் காவல், யாராவது தும்மினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைச் சத்தத்துக்குச் சர்க்கரையைக் காகிதத்தின்மேல் மெல்லக் கொட்டினார்கள், அப்படியே மழைதான். சர்க்கரை நம் வீட்டு டப்பாவிலிருந்து போனது. அம்மா மூன்று நாள் எறும்புகளின் மேல் சந்தேகப்பட்டாள், நான்காம் நாள் என் பையில் டப்பா மூடி அகப்பட்டது, அதற்குமேல் நடந்ததை நான் எழுதவில்லை. உள்ளதைச் சொன்னால் இவ்வளவு குஷியாக நான் வேலைக்குப் போய் நாளாயிற்று.

நடுவில் ஒரு குழு இன்னொரு குழுவின் கதையைச் சுட்டுவிட்டது. பெரிய பஞ்சாயத்து. கடைசிப் படத்தில் எழுதியவர் பெயர் கட்டாயம் வர வேண்டும், அடுத்தவர் கதையென்றால் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று நான்தான் வீறாப்பாகப் பலகையில் எழுதிப் போட்டேன். அதற்கு மறுவாரம், நல்ல கதைக்கு மாதிரி ஒன்று காட்டலாமே என்று வீட்டு அலமாரியிலிருந்து உன் ஆறாம் வகுப்பு நோட்டை எடுத்துப் போனேன். ஆமாம், அது என்னிடம்தான் இருக்கிறது. நீ எழுதிய கடிகாரக் கதை உனக்கு நினைவிருக்கிறதா, தினமும் தாமதமாக வரும் ஒரு பெண்ணுக்காகப் பள்ளிக் கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும், தலைமையாசிரியர் ஆள் வைத்து அதைச் சரிசெய்துவிடுவார், மறுநாள் அந்தப் பெண் வாசலில் மாட்டிக்கொள்ள, உடல்நலம் சரியில்லாததால் எனக்கு ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதிவைத்துவிட்டுக் கடிகாரம் நின்றுவிடும். நீ வரைந்த கால் முளைத்த கடிகாரத்தையும் போட்டோ எடுத்து, நானே குரல் கொடுத்து, போட்டுக் காட்டினேன். விடுப்புக் கடிதம் வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கியதும் எங்கள் வகுப்பில் எல்லோரும் வக்கீலம்மா என்று கூப்பிடும் ஒரு பெண் எழுந்தாள், கடைசிப் படத்தில் பெயர் இல்லையே என்று என் சட்டத்தை எனக்கே எடுத்து நீட்டினாள். என் மகள் உங்கள் வயதில் எழுதியது என்று சொன்னேன். அதற்குள் முன்வரிசைப் பையன் ஒருவன் திரையில் இரண்டு விரலை வைத்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கியிருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் ‘சுமார்’ என்று இருந்தது. இது உங்கள் கையெழுத்துதானே சார், இவ்வளவு நல்ல கதைக்கா இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டான். முப்பத்தைந்து பேர் என்னையே பார்க்கிறார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த வருடக் கதைப் போட்டிக்கு நான்தான் நடுவர், வந்ததிலேயே என் மகளுடைய கதைதான் முதல், வாத்தியார் தன் பெண்ணுக்கே கொடுத்துக்கொண்டார் என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்து, சோம்பேறி திருந்தும் கதை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். வக்கீலம்மா இன்னும் உட்காரவில்லை.

“சார், அந்த அக்காவுக்கு இது தெரியுமா?”

உனக்குத் தெரியாதே அம்மா. அந்தப் போட்டி முடிவு சொன்ன அன்று சாயங்காலம் நான் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது நீ பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, கதை நல்லா இல்லையாப்பா என்று கேட்டாய். நான் தலை நிமிராமல், சுமார்தான், நீ கணக்கைப் பார் என்றேன். அதற்குப் பிறகு அந்த நோட்டின் மீதிப் பக்கமெல்லாம் கணக்குதான் இருக்கிறது. இப்போதும் ஒரு வரி எழுதேன் என்று நான் கேட்டால், எனக்கு எழுத வராதுப்பா என்று போனில் சிரிக்கிறாய், கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். உனக்கு எழுத வராது என்று உன்னை நம்பவைத்தவன் நான். என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக உன் பெயரை எடுத்துவிட்டேன். தப்பு செய்துவிட்டேன் அம்மா, என்னை மன்னித்துவிடு. அம்மாவிடம் சொன்னபோது, இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டாள், பிறகு அவளே பேனாவும் காகிதமும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தச் சிவப்பு எழுத்தை டேப்லெட்டில் விரலால் தேய்த்தாலே போய்விடும் சார், நான் அழித்துத் தருகிறேன் என்று முன்வரிசைப் பையன் ஆசையாகக் கேட்டான். வேண்டாம், போட்டது போட்டதுதான், இருக்கட்டும் என்றேன். கதையைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டலாமா என்று ஓட்டெடுத்ததில், அக்கா அனுமதி தராமல் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. கடைசிப் படத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள், அதில் உன் பெயரை நீயே சொல்ல வேண்டுமாம், பத்து விநாடி இடம் விட்டிருக்கிறார்கள். அக்கா பதில் போட்டாங்களா என்று வக்கீலம்மா தினமும் காலையில் என் மேசைக்கு வந்துவிடுகிறாள். உனக்கு மனமில்லை என்றால் அதையும் சொல், அவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நனைந்த ஷூவை அப்படியே போட்டுக்கொண்டு போகாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். போனில் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யும்போது மைக் மேல் விரலை வைத்துவிடாதே, நீ என் மகள், அதனால் சொல்கிறேன். நோட்டில் ‘சுமார்’ என்பதை அடித்துவிட்டு, அதே சிவப்பு மையில் ‘முதல்’ என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
உன் ஆறாம் வகுப்பு வாத்தியார்.