ஒரு புகாரும் வராத வார்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். மூட்டுக்குத் தைலம் தடவுகிறீர்களா?

இங்கே நகராட்சியில் ஒரு கூத்து. எந்த வார்டில் எத்தனை புகார் என்று மாதாமாதம் பலகையில் எழுதுவார்கள். இம்முறை நான் பார்க்கும் வார்டுக்குப் பூஜ்யம். பாராட்டு நிச்சயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆணையர் அம்மாளோ, "வாங்க, நேர்லயே பார்த்துட்டு வருவோம்" என்று கிளம்பிவிட்டார்.

தெருவெல்லாம் சாக்கடைத் தண்ணீர். வாசலில் நின்ற ஒரு பெண், "சொல்லிச் சொல்லி வாய்தான் வலிச்சுது. இப்ப பழகிக்கிட்டோம்" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பும்போது ஆணையர் சொன்னார்: "தப்பு என் மேலதான். புகார் கூடினா திட்டினேன், ஆபீஸ்ல யாரும் புகாரே வாங்கல. இனிமே எத்தனை வந்துச்சுன்னு திட்ட மாட்டேன். எத்தனையைத் தீர்த்தீங்கன்னு மட்டும் கேப்பேன்."

அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். "எனக்கென்னம்மா, ஒரு குறையுமில்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். பயமாக இருக்கிறதப்பா. வலியோ, ஒழுகும் கூரையோ, எதுவானாலும் எழுதுங்கள். நான் பதற மாட்டேன்.

காலையில் ஆபீஸ் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முதலில் என் குறை: இங்கே சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஆளில்லை. நான் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் மகள்