வெட்டவெளியில் நான்கு ஆன்டெனா

டிசம்பர் 9, திங்கள்
மழை விட்டு நல்ல வெயில். சாலவாக்கம் ஏரி தளும்புகிறது. இந்தக் கரையில் அனுப்பும் ஆன்டெனா நான்கு, எதிர்க்கரையில் வாங்குவது நான்கு. ஒரே அலைவரிசையில் நாலு செய்தியை ஒன்றாக அனுப்பிப் பிரித்தெடுக்க வேண்டும். என் ஆராய்ச்சியே அதுதான். நடுவில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை, அருமையான இடம்.
நாளைக்கு: பேட்டரி, கேபிள், குடை, முறுக்கு.
மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், வீடியோவில். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ஆச்சி." வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்களாம். வெள்ளிக்குள் கையெழுத்து. "நீ இன்னா சொல்ற?"
"உங்க இஷ்டம்." வந்துவிடுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

டிச. 10, செ.
சிக்னல் பலமோ பலம். ஆனால் நாலு செய்தியும் கூழாகிவிட்டது. கரையோரம் தன் கொட்டகையிலிருந்து எனக்குக் கரன்ட் கொடுத்த அமுதா அக்கா எட்டிப் பார்த்தாள். "நடுவுல ஒன்னும் மறைக்கல, அப்பறம் இன்னா பேஜாரு?"
அதுதான் பேஜாரே. வெட்டவெளியில் எல்லா ஆன்டெனாவுக்கும் ஒரே மாதிரி கேட்கும். சுவர், மரம், பஸ் என்று மோதிச் சிதறி வந்தால்தான் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி விழும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிப்பது. தெரிந்தும் ஏரியின் அழகில் மயங்கிவிட்டேன். வெட்கம்.

டிச. 11, பு.
உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின் சந்து. தகரக் கூரை, ஆட்டோ, மாடு. நாலும் பிரிந்து வந்தன! கைடுக்கு மெசேஜ் போட்டாயிற்று. இவர் இருந்தால் பைக்கில் வந்து நின்று, கேபிளைத் தப்புத் தப்பாகச் சுற்றிக் கொடுப்பார்.
போனில் அதே "சாப்டியா", "சாப்டேன்". படம் கண்ணாடி மாதிரி. மனசு மட்டும் தெரியவில்லை. கூட இருந்தபோது சமையலறையிலிருந்து பாதிதான் கேட்கும், குளித்துக்கொண்டே கத்துவார், முதுகைக் காட்டிப் படுத்தால் கோபம். எல்லாம் புரிந்தது. அந்த ஆள் வேண்டும் எனக்கு. நாளை சொல்லிவிடுவேன்.

டிச. 12, வி.
தூறல். கேபிள் முனை ஒன்று உடைந்தது. ஏனாத்தூரில் எங்கள் கல்லூரி லேபில்தான் மாற்று கிடைக்கும்.
மத்தியானமே கூப்பிட்டேன். "சாப்டி..." என்றவரை மறித்து, "வந்துடுங்க. எனக்கு உங்க கூட இருக்கணும்."
இவர் சொன்னார்: "காலைலதாம்மா கையெழுத்து போட்டேன். நீ இஷ்டம்னியே... நான் இல்லாம உனுக்குப் பயகிப் போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."
கேமராவை எங்கோ திருப்பிவிட்டார். ஒரு கிரேன், கொஞ்சம் வானம். முகம் தெரியவில்லை; மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது, புரிகிறது. நானும் உறிஞ்சுகிறேன்.