செல்வி திட்டாத நாள்கள்

அக்டோபர் 6
விடியற்காலையிலிருந்து தூறல். செல்விக்கு நேத்திலிருந்து காய்ச்சல், மண்டை பிளக்குற தலைவலி. வயல் நடவுக்கு அவங்க அம்மா ஊரு முசரவாக்கம் போயிட்டு வந்த அலுப்புன்னு நெனச்சேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவசரத்துல சர்க்கரைக்குப் பதிலா உப்பு. குடிச்சிட்டு ஒரு திட்டுகூட இல்லாம டம்ளரை வச்சிட்டா!

ஊர்லேருந்து அவகூட வந்திருக்கிற மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாப்பா, எம்பொண்ணு திருந்திட்டா." எனக்கும் திட்டு வாங்குறதுலேருந்து ஒருநாள் லீவு.

அக். 7
தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலை இழை இழையா, நிறத்துக்கு நிறம் முறுக்கிப் பிணைக்கணும். நம்ம தெருவுல செல்வி கைக்கு ஈடு கிடையாது. காய்ச்சலோட வந்து உக்காந்தா. பச்சை நூலோட அரக்கு நூலை மாத்தி முறுக்கிக்கினே போறா.

"என்னாம்மா பண்றே?"

"நீங்க எந்த ஊருங்க?"

சிரிச்சிட்டேன். அப்புறம் பாத்தா அவளால குனிய முடியல, கழுத்து விறைச்சுக்கினு இருக்குது. வாந்தி. வெளிச்சம் பட்டா கண்ணை மூடிக்கிறா. எதிர்வீட்டு நர்ஸம்மா எட்டிப் பாத்துட்டு சத்தம் போட்டாங்க. "காய்ச்சல்ல கழுத்து விறைச்சு ஆளே மாறிப் பேசினா, மாத்திரை போட்டுப் படுக்க வைக்கிறதாப்பா? கெளம்பு!"

ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுலயே கை காலெல்லாம் வெட்டி இழுப்பு வந்துடுச்சு.

அக். 8
முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க. மூளைக்காய்ச்சல். வயல் தண்ணியில பெருகுற கொசு கடிச்சு வர்ற வைரஸா இருக்கும்னு டாக்டரம்மா. தனியா மருந்து இல்லியாம். மூளை வீங்காம, இழுப்பு வராம பாத்துக்குவாங்களாம்.

"பழையபடி ஆயிடுவாளா மேடம்?"

"சீக்கிரம் வந்துட்டீங்க. பொறுத்துப் பாப்போம்."

வாங்க வேண்டியது: பிளாஸ்க், துண்டு, கொசுவலை.

அக். 14
நல்ல வெயில். கண்ணைத் தொறந்துட்டா! அவங்க அம்மாவைத் தெரியுது. என்னைப் பாத்து, "வணக்கங்க." நானும் கும்பிட்டேன். வார்டே சிரிச்சுது. வெளிய வந்து அழுதேன்.

அக். 21
கையைப் பிடிச்சுக்கினு நடக்கிறா. ரெண்டு இட்லி. என் பேரைச் சொல்லிட்டா, ஆனாலும் "வாங்க, போங்க"தான். இந்த மரியாதை தாங்க முடியல சாமி.

அக். 25
வீடு! தறிக்குழியில நின்ன மழைத்தண்ணியை நேத்தே இறைச்சுட்டேன். அவ மாத்திப் பிணைச்ச அந்தப் பாவு நூலை மட்டும் தொட மனசு வரல.

சுவத்தைப் பிடிச்சுக்கினு நேரா தறிகிட்டதான் போனா. வலது கை இன்னும் நடுங்குது. இழையைத் தடவிப் பாத்தா. முகம் மாறிச்சு.

"யோவ்! பச்சையில அரக்கைப் பிணைச்ச கழுதை யாருய்யா?"

"நீதாண்டி"ன்னு சொல்ல மாமியார் வாயைத் தொறந்தாங்க. அவங்க கையைப் பிடிச்சு அமுக்கிட்டேன்.

"நான்தான்"னேன்.

ஆரம்பிச்சா பாரு!