கேட்காமல் விட்ட இரண்டாவது எண்

திருமலைராயன்பட்டினம்
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்பு மகன் சஃபியுல்லாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நீயும் நலம் என்றுதான் சொல்வாய். இந்த முறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டேன், காரணத்தைக் கீழே எழுதுகிறேன். நம் தெரு ஜெகபர் சாதிக் விடுப்பு முடிந்து செவ்வாய்க்கிழமை தம்மாமுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் நான் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன், நீ பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வேண்டியது நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. மருமகள் ரிஃபானா அவள் உம்மா வீட்டிலிருந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு இங்கே வந்து போகிறாள், முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பின்பக்கத் தென்னையில் வண்டு விழுந்து ஒரு மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. பகலில் மேல்காற்று அடிக்கிறது, மாலையில் அதுவும் நின்றுவிட்டால் ஒரே புழுக்கம், மின்விசிறி சூட்டைத்தான் சுற்றி விடுகிறது. இந்தப் புழுக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி நீ விழுந்தது எனக்குத் தெரியும். ரிஃபானாவைக் கோபிக்காதே, அவள் சொல்லவில்லை. பதினான்காம் தேதி அடுப்படியில் உம்மாவுக்கு உன் குரல் பதிவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள், நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. காலை ஆறரை மணிக்குக் கடலோர வேலையிடத்தில் அளவைக் கருவியை நிறுத்திவிட்டு நின்றபோது கால் இழுத்துக்கொண்டதையும், உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்ததையும், ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றியதையும் நீ சொன்னாய். அதெல்லாம் முடிந்த பிறகு கடைசியில், "வாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, எத்தனை டிகிரின்னு கேப்பாங்க" என்றாய். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னைச் செய்தித்தாளை மடித்து வைக்கச் செய்தது. மகன் மயங்கி விழுந்தான் என்ற செய்தி தகப்பனுக்கு வராமல் போனதற்குக் காரணம் தகப்பன்தான் என்பதை முப்பத்தோரு வருடம் செய்தி சேகரித்த நான் அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி நீ போன் செய்தாய். ரியாத் வேலைக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று கம்பெனியில் கேட்கிறார்கள், போகலாமா வாப்பா என்றாய். இங்கே தம்மாம் கடலோரத்தில் மூச்சு முட்டுகிறது, விடியற்காலையிலேயே சட்டையைப் பிழியலாம் போலிருக்கிறது, வண்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் வழிகிறது, குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே எடுத்தால் லென்ஸ் தெளிய அரைமணி நேரம் ஆகிறது என்றெல்லாம் சொன்னாய். நான் கையிலிருந்த போனைப் பார்த்து ரியாத் நாற்பத்தைந்து, உன் இடம் முப்பத்தேழு என்று படித்தேன். முப்பத்தேழை விட்டு நாற்பத்தைந்துக்கு எந்தப் புத்தியுள்ளவனாவது போவானா என்றேன். அதுவும் வேலை விடியற்காலையில்தானே, பதினொரு மணிக்கு நிறுத்திவிடுகிறார்களே என்றேன். நீ சரி வாப்பா என்று சொல்லிப் பெயர் கொடுக்காமல் விட்டாய். ரியாத்தில் வேலை செய்த ஒருவரையும் நான் கேட்கவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்கள் யாராவது ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, ஆளை விசாரிக்காமல் செய்தி எழுதியிருந்தால் முகத்தில் தூக்கி எறிந்திருப்பேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தி மீரா சாகிப் வீட்டு விருந்தில், சகன் தட்டுகளைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, "எங்க ஆளு முப்பத்தேழு டிகிரிக்கு அழுவுறாரு, இங்க முப்பத்தொம்பதுல அவன் உம்மா மொட்டை மாடியில மிளகா காயப் போடுறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தாளிச்சா ஊற்ற வந்த ரிஃபானா என் பக்கம் ஊற்றாமல் உள்ளே போனாள். கவனிக்காமல் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

குரல் பதிவைக் கேட்ட மூன்றாம் நாள் விழிதியூருக்குப் போய்ச் சிதம்பரநாதன் சாரைப் பார்த்தேன். உனக்கு நினைவிருக்கலாம், வானிலை நிலையத்துக் கூண்டில் கருவி பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நான் வேலையிலிருந்த காலத்தில் தினமும் மாலையில் போன் செய்து அன்றைய வெயிலை வாங்குவது அவரிடம்தான். அவர் எப்போதும் இரண்டு எண் சொல்வார். ஒன்று சாதாரண வெப்பமானி காட்டுவது. மற்றது, குமிழில் ஈர மல்துணி சுற்றி வைத்த வெப்பமானி காட்டுவது. நான் முதல் எண்ணை எழுதிக்கொண்டு, ரெண்டாவது வேணாம் சார், பேப்பர்ல இடமில்ல என்று வைத்துவிடுவேன். இப்போது போய் அவர் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சிரிக்கவில்லை, வருத்தமும் காட்டவில்லை. "இருபத்தெட்டு வருஷம் பாதியத்தானே வாங்கிட்டுப் போனீங்க அலி சார், மீதி என்கிட்டயேதான் கெடக்கு, இப்பவாவது எடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு மோர் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்.

அவர் சொன்னதை உனக்குச் சுருக்கமாக எழுதுகிறேன், உனக்கு உடம்பால் தெரிந்ததுதான். நம் உடம்பு வியர்ப்பதால் குளிர்வதில்லை, வியர்வை காய்வதால் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் காய இடமில்லை. அந்த ஈரத்துணி சுற்றிய வெப்பமானி நம் உடம்பைப் போலத்தான், துணி காயக் காய இறங்கும், காயாவிட்டால் இறங்காது. காற்றை எவ்வளவு குளிர வைத்தால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குமோ அதற்குப் பனிநிலை என்று பெயராம். அது இருபதுக்குள் இருந்தால் உடம்புக்குத் தெரியாது, இருபத்தைந்தைத் தாண்டினால் கசகசக்கும், முப்பதைத் தாண்டினால் சும்மா நிற்பவனுக்கே ஆபத்து. நீ இருக்கும் கடலோரத்தில் வெப்பம் முப்பத்தாறும் பனிநிலை முப்பத்தொன்றுமாக இருந்தால் ஈரத்துணி முப்பத்திரண்டில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதே நேரம் ரியாத்தில் நாற்பத்தைந்து, ஆனால் பனிநிலை ஐந்து, ஈரத்துணி இருபத்தொன்றுக்கு இறங்கிவிடும். உன் வண்டிக் கண்ணாடியில் வழிந்ததும் லென்ஸில் படிந்ததும் அந்த ஈரம்தான். நீ எனக்கு இரண்டாவது எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் முதல் எண்ணைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இது நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. மே மாதம் மேல்காற்றில் முப்பத்தொன்பது அடிக்கும் பகலில் உம்மாவின் மிளகாய் இரண்டே நாளில் சலசலவென்று காய்கிறது, நம் சட்டையும் காய்கிறது. மாலையில் முப்பத்துமூன்றுக்கு இறங்கி, கடல் ஈரம் வந்து நின்று, காற்றும் அசையாமல் போனால் பாயில் ஒட்டிக்கொண்டு புரள்கிறோம். எண் குறைந்த பிறகுதான் கஷ்டமே. நானும் எழுந்து உட்கார்ந்து விசிறியிருக்கிறேன், ஒரு நாளும் அதை எழுதியதில்லை. எழுதியது ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், லாரியிலிருந்து சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் பிற்பகலில் சுருண்டு விழுந்து இறந்தார். அன்று முப்பத்துநான்கு டிகிரி. வெயில் அதிகமில்லாத நாளில் நடந்த இந்தச் சம்பவம் என்று எழுதினேன். அதிகமில்லாத என்ற சொல் யாரும் சொல்லித் தந்ததல்ல, நானே போட்டது. சிதம்பரநாதன் சாரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கும் ரெண்டு நம்பர் சொல்லியிருப்பேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்தவர் பிள்ளை விழுந்தபோது சரிபார்க்காதவன் சொந்தப் பிள்ளை விழுந்த பிறகுதான் விழிதியூருக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஜெகபர் சாதிக்கையும் விசாரித்தேன், அவன் ரியாத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டுத்தான் தம்மாமுக்கு மாறியவன். "ரியாத்துல வெயிலு அடிக்கும் மாமா, தம்மாம்ல காத்தே ஈரத்துணிய மூஞ்சில போட்டு அமுக்கும், நம்ம சஃபி பொய் சொல்லல" என்றான். நீ பொய் சொல்லவில்லை என்று ஊரான் எனக்குச் சாட்சி சொல்லும்படி ஆயிற்று. ரியாத்தையும் அவன் சொர்க்கம் என்று சொல்லவில்லை. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், வியர்ப்பதே தெரியாமல் காய்ந்துவிடுவதால் தண்ணீர் குறைவது தெரியாது, தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும், அங்கேயும் வெயிலில் ஆள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன் என்றான். இரண்டு பக்கத்தையும் எழுதுவதுதான் முறை என்பதால் அதையும் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை மறுபடி சம்பந்தி வீட்டு விருந்து. நான் வேலையிலிருந்த காலத்தில் தவறு முதல் பக்கத்தில் வந்தால் திருத்தம் ஐந்தாம் பக்கத்து மூலையில் வரும், யார் கண்ணிலும் படாது. அப்படிச் செய்ய மனமில்லை. அதே சகனில், அதே ஆட்கள் முன்னால், சாப்பாட்டில் கை வைக்கும் முன் சொன்னேன். போன மாதம் இங்கே மகனைப் பற்றி நான் சொன்னது தப்பு, அவன் சொன்னதுதான் சரி, என் பேச்சைக் கேட்டு அங்கேயே இருந்ததால் ஆறாம் தேதி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனான் என்றேன். எல்லோரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்திக்குத்தான் அமைதி தாங்காதே, "என்ன சம்பந்தி, மறுப்புச் செய்தியா, பேப்பர்ல போட்டுட்டு எங்களுக்கு ஒரு காப்பி கொடுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள், எனக்கும் அது வேண்டியதாகத்தான் இருந்தது. பிறகு அவரே என் தோளில் கை வைத்து, "மாப்பிள்ளை எங்ககிட்டயும் சொல்லலியே" என்றார். ரிஃபானா வந்து என் பக்கம் தாளிச்சா ஊற்றினாள். போதும் என்று கை காட்டிய பிறகும் ஊற்றினாள்.

ரியாத்துக்குப் போனவர்களில் ஒருவர் திரும்பிவிட்டதால் மறுபடி ஆள் கேட்கிறார்கள், முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ரிஃபானா சொன்னாள். இதையும் நீ என்னிடம் கேட்கவில்லை, கேட்காததில் தப்பில்லை. ஜூலையில் நான் சொன்ன சொல்லை இந்தக் கடிதத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன், இரண்டும் வேண்டாம் என்று ஊருக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கிறது. அந்தக் காற்றில் நிற்பவன் நீ. நீ முடிவு செய்து ரிஃபானாவிடம் சொல், எனக்கு அவள் சொன்னால் போதும். எந்த ஊரில் இருந்தாலும் தனியாக வேலையிடத்துக்குப் போகாதே, கால் இழுத்தால் அடுத்த அடி வைக்காமல் நிழலில் உட்கார், மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கடலோரத்திலேயே இருப்பதானால் விடியற்காலைதானே என்று ஏமாறாதே, ஏமாந்தது நான், விழுந்தது நீ.

உம்மா மூன்று கைலி கொடுத்திருக்கிறாள். புதுத்துணி வியர்வையை இழுக்காது என்று இரண்டு முறை துவைத்துக் காயவைத்துத்தான் கட்டியிருக்கிறாள். நன்னாரி பாட்டில் ஒன்றும் இருக்கிறது, மூடியை நன்றாகப் பார்த்துத் திற. நானும் இரண்டு வெப்பமானி வாங்கிக் கொல்லைப்புற நிழலில் மாட்டி ஒன்றுக்கு மல்துணி சுற்றியிருக்கிறேன், துணி காயாமல் உம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறாள், ஊற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுக்கிறாள். இன்று மாலை ஐந்து மணிக்கு முதலாவது முப்பத்துநான்கு, இரண்டாவது இருபத்தெட்டு.

அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகத்தையும் நீ நிற்கும் இடத்துக்கு நல்ல காற்றையும் தருவானாக. உம்மாவின் துஆ எப்போதும் உன்னோடு. முப்பத்தொன்றாம் தேதியை மறந்துவிடாதே. உடம்புக்கு முடியாத அன்று, எந்த நேரமானாலும், முதலில் எனக்குப் போன் செய். எத்தனை டிகிரி என்று கேட்க மாட்டேன்.

உன் வாப்பா
மு. ஜவஹர் அலி