உன் விண்ணப்பத்தில் நான் அடித்த ஏழு வரிகள்

அன்பு மகளுக்கு,

1. இதை எழுதுபவன் உன் தகப்பன். வயது அறுபத்து மூன்று. முப்பத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்பவன். சுயநினைவோடும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறேன்.

2. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்பது எங்கள் அனுமானம் மட்டுமே, ருசு உன் பதிலில்தான் வர வேண்டும்.

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மருத்துவர் சொன்ன பயிற்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறாள். அலுவலக மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது, பழைய வழக்குக் கட்டுகளைக் கீழே இறக்கி அடுக்கினோம், நம் தட்டச்சர் அந்தத் தூசியில் மூன்று நாள் தும்மிவிட்டு, "சார், என் மூக்குக்கும் ஒரு நஷ்டஈட்டு மனு போட்டுடுங்க" என்கிறார். இப்படியே எழுதிக்கொண்டு போகலாம், ஆனால் சொல்ல வந்ததற்கு வாய்தா வாங்குகிறேன் என்று எனக்கே தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ, மூன்று பல்கலைக்கழகங்களும் மறுத்துவிட்டன, "சர்வதேச அரசியல் பொருளாதாரம், வளர்ச்சி, இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராதுப்பா, இந்த இன்ஷூரன்ஸ் வேலையிலேயே இருந்துடறேன்" என்றாய்; இந்தத் துறையை ஏன் படிக்க விரும்புகிறாய் என்பது உன் கட்டுரையில் புலப்படவில்லை என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதியதாகவும் சொன்னாய். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது புலப்படாமற்போனதற்கு நானே காரணம். இலக்கணப் பிழை மட்டும் பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய கட்டுரையில், இரண்டாம் பத்தியின் ஏழு வரிகளை அடித்துவிட்டு, 'உலகளாவிய ஏற்றத்தாழ்வுகள் குறித்த எனது நீண்டகால ஆர்வம்' என்று யாரும் எழுதக்கூடிய ஒரு வாக்கியத்தை அங்கே வைத்தேன். அப்பா பார்த்ததை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்பது உன் பள்ளி விடுப்புக் கடிதம் தொட்டு நம் வீட்டு வழக்கம். நீ படித்துப் பாராமலே அனுப்புவாய் என்று அறிந்தே செய்தேன்.

அந்த ஏழு வரிகளில் நீ, பன்னிரண்டு வயதில் மீன் உலர்த்தும் கொட்டகையில் ஸ்டாம்ப் பேடைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், மீனவர்கள் அறுபத்தொரு பேர் வரிசையாக வந்து ஒப்பந்தத்தில் பெருவிரல் வைத்ததையும் எழுதியிருந்தாய். துறைமுக நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தது வெளிநாட்டு வளர்ச்சி வங்கி, கரையைக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் அங்கேயே தயாராகி வந்தது, நிறுவனத்தின் உள்ளூர் வழக்கறிஞன் என்ற முறையில் அதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. தகராறு எழுந்தால் கடல் கடந்த ஒரு நகரத்தின் நடுவர் மன்றத்தில்தான் முறையிடலாம் என்றது பதினான்காம் ஷரத்து. வலை பின்னும் பெரியவர் ஒருவர், "இதுல வில்லங்கம் ஏதாச்சும் இருக்கா வக்கீலய்யா, நீங்க சொன்னா சரி" என்றார். "எல்லா ஒப்பந்தத்துலயும் வர்றதுதான்யா" என்றேன். அது பொய்யன்று. இரண்டே ஆண்டில் கரைக்குப் போகும் பாதையை நிறுவனம் வேலி போட்டு அடைத்தபோது, அதே ஷரத்தைக் காட்டி நம் நீதிமன்றம் அவர்களுடைய மனுவைத் திருப்பி அனுப்பியது. உன் ஏழாவது வரி இது: 'விளக்கிச் சொன்னவர் என் தகப்பனார், அவர் சொன்னது உண்மை, அந்த உண்மையால் அவர்கள் தங்கள் கரையை எப்படி இழந்தார்கள் என்பதையே நான் படிக்க விரும்புகிறேன்.' கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கிறேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு அதை அடித்தேன். அந்தக் காரணம் செல்லாது. ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்ட ஆவணம், மனுப் போட்டால் எவருக்கும் நகல் கிடைக்கும். முகம் தெரியாத பேராசிரியர்கள் நான்கு பேர் என்னை இன்னான் என்று அறிந்துவிடக் கூடாதே என்று, என்னைத்தான் காத்துக்கொண்டேன், அதற்கு உன் படிப்பைக் கொடுத்தேன்.

மறுத்த மூன்று இடங்களுக்கும் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன், இந்த ஆண்டு உன் விண்ணப்பத்தை மறுபடி திறக்க வழியில்லை என்றார்கள். நீ இன்னும் விண்ணப்பம் அனுப்பாத நான்காவது பல்கலைக்கழகத்துக்கு இம்மாதம் இருபத்தெட்டு கடைசி நாள். உன் மூலப் பத்தியையும் ஒப்பந்த நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். 'ஒரு வழக்கறிஞர்' என்று மழுப்பாமல் 'என் தகப்பனார்' என்றே எழுது, அதற்கு இக்கடிதமே என் சம்மதம். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, அதையும் உன் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பது மட்டுமே வேண்டுகோள். வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ எடுத்தது துலங்க எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு. இருபத்தெட்டை மறவாதே, அனுப்புமுன் என்னிடம் காட்டாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையொப்பம்)

சாட்சிகள்:

1. நம் தட்டச்சர்.

2. உன் அம்மா. (எங்கே கையெழுத்து என்று காட்டி நீட்டினேன். "எதுல போடறேன்னு படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்று கண்ணாடியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். கடைசி வரை படித்தாள். "அந்தப் பெரியவர்கிட்டயும் ஒரு கண்ணாடி இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு போட்டாள்.)