அண்ணன் வீட்டுக்கு ஆறு நாள் சைக்கிள்

ஏப்ரல் 17, புதன்

சைக்கிள் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். இரண்டு பக்கப் பைகளிலும் துணி, டியூப், பம்பு, மழைக்கோட்டு. ஐம்பத்தாறு வயதுக்காரி ஹானியா நகரிலிருந்து அண்ணன் ஊருக்கு மலையடிவாரமாகவே மிதிக்கப் போகிறாள் என்று கேட்டால் எதிர்வீட்டு ஸ்தமாதியா சிலுவை போட்டுக்கொள்வாள். அதனால் சொல்லவில்லை.

பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம். அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. யோர்கிஸ் அண்ணன் என்னோடு பேசி ஏழு வருடம் ஆகிறது.

இருபத்து மூன்றாம் தேதி புனித யோர்கிஸ் நாள். அவன் பெயர்த் திருநாள். அன்றைக்கு எங்கள் தீவில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்தே கிடக்கும். யார் வந்தாலும் உட்காரவைத்து ராக்கிச் சாராயம் ஊற்றியே ஆக வேண்டும், ஜென்ம விரோதியாக இருந்தாலும். நன்றாக யோசித்துத்தான் அந்த நாளைப் பிடித்திருக்கிறேன். கெட்டிக்காரி நான்.

ஏப்ரல் 18, வியாழன்

முதல் ஏற்றத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இறக்கத்தில் பிரேக்கை விட்டு, வாய்விட்டுக் கத்தினேன். ஓர் ஆட்டு மந்தை அப்படியே நின்று பார்த்தது. என்ன சந்தோஷம்! யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

நாள் முழுக்க ஆலிவ் தோப்புகள். கவாத்து முடிந்து, வெட்டிய கிளைகளை ஆங்காங்கே எரிக்கிறார்கள். புகையில் கண் எரிகிறது, ஆனாலும் அந்த வாசனைக்காக மெதுவாக மிதித்தேன். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் எண்ணெய் ருசிபார்த்தவளின் மூக்கு, சும்மா இருக்குமா?

அந்த வேலையால்தான் வந்தது வினை. நீலக் கிண்ணங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதினேழாம் கிண்ணத்தை வாயில் வைத்ததுமே, சாக்கில் கிடந்து புழுங்கிய காயின் நெடி. இரண்டாம் தரம் என்று எழுதினேன். பட்டியலைத் திறந்தால் அண்ணன் பெயர்.

மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை. ஆனால் பலகையில் தர முடிவுத் தாளை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி, ‘அண்ணே, இப்படி ஆகிப்போச்சு’ன்னு சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல? பயந்தாங்கொள்ளி — வேறென்ன! காபிக் கடையில் பத்துப் பேர் முன்னால் அவன் அதைத் தெரிந்துகொண்டான். “என் எண்ணெய்ல வளந்த நாக்கு அது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனானாம். பொய்யில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அவனும் அந்தத் தோப்பும்தான்.

ஏப்ரல் 20, சனி

துரத்திய நாய்கள் நான்கு. கடி இல்லை. தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வந்தால் இவ்வளவு வேகமாக மிதிக்க என்னால் முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஏற்றத்தின் உச்சியில் ஒரு காபிக் கடை. சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் கடைக்காரர் மனூசோஸ் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

“என்ன தாயி, கழுதைய வித்துட்டீங்களா?”

“அது சொன்னதைக் கேக்கல. இது கேக்குது.”

“புருஷன் எங்க?”

“அவரும் கேக்கல.”

கடையே சிரித்தது. மேசைக்கு ராக்கி வந்தது; கூடவே பச்சை அவரை, எலுமிச்சை பிழிந்த ஆர்டிசோக் பூமொட்டு. பாலாடைக்கட்டி கேட்டேன். மனூசோஸ் என்னை ஒரு மாதிரி பார்த்து, “இப்ப எங்க தாயி பாலாடைக்கட்டி?” என்றார். முந்நூறு ஆடு மேய்கிற ஊரில்! மூன்று நாளாக எங்கே போனாலும் இதே கதை, அவரையும் கீரையும். மலைக்காரர்கள் கஞ்சர்களாகிவிட்டார்கள் போல. கிளம்பும்போது அவரே என் பையில் ஆறு ஆரஞ்சுகளைத் திணித்தார், அதுவும் புரியவில்லை.

எங்கே போகிறேன் என்று கேட்டதற்குச் சும்மா சுற்றுகிறேன் என்றேன். அண்ணன் வீட்டுக்கு என்றால் எந்த அண்ணன், என்ன சண்டை என்று வேரோடு பிடுங்கிவிடுவார்கள்.

ஏப்ரல் 22, திங்கள்

மலை முடிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கம், ஒரு மிதிகூட இல்லாமல். இடப்பக்கம் உச்சியில் இன்னும் பனி, சாலையோரம் பாப்பிப் பூக்கள். பாட்டு வந்தது, பாடினேன்.

கடைத்தெரு பேக்கரியில் பெரிய வெண்ணெய் கேக் ஒன்று கேட்டேன். “இப்பவா?” என்றாள் கடைக்காரி. “இப்பத்தான்” என்றேன். “சரி, கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் யாரு” என்று கட்டிக்கொடுத்தாள். விசித்திரமான ஊர்.

நாளைக்கு. உள்ளே விடுவான். விட்டாகணும். வழக்கம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவில் ஒரு கார் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவன் திருநாளுக்குக் கதவு சாத்துவதா? யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா? தட்டினேன்.

யோர்கிஸ் திறந்தான். கையில் கவாத்து ரம்பம், தலையெல்லாம் மரத்தூள். மீசை முழுக்க வெளுத்துவிட்டது.

“திருநாள் வாழ்த்து, அண்ணே.” ஆறு நாள் ஒத்திகை பார்த்ததில் அவ்வளவுதான் மிஞ்சியது. கேக்கை நீட்டினேன்.

அவன் கேக்கைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இன்னைக்கு என் திருநாள் இல்ல.”

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணி கலியோப்பி எட்டிப் பார்த்தாள். “ஐயோ மாதாவே! நோன்புக்குள்ள வெண்ணெய் கேக்கா? ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்குடி!”

அப்போதுதான் உறைத்தது. ஈஸ்டர் தள்ளி வருகிற வருடங்களில் புனித யோர்கிஸ் நாள், பாலும் இறைச்சியும் தொடாத ஈஸ்டர் நோன்புக்குள் விழும். அப்போது திருநாள் ஈஸ்டருக்கு மறுநாள் போய்விடும். இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள், நோன்பு பிடிக்காதவள், தேதியை மட்டும் பார்த்துக் கிளம்பிவிட்டேன். மனூசோஸும் பேக்கரிக்காரியும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

“அப்போ... அன்னைக்கே வரேன்” என்று சைக்கிளைத் திருப்பினேன். மானம் போனது போனதுதான்.

“அர்கிரோ.” ஏழு வருடத்தில் முதல் முறையாக அவன் வாயில் என் பெயர். “திருநாள்னா எவன் வந்தாலும் உள்ள விட்டாகணும். இன்னைக்கு எனக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்ல.”

“தெரியுதுண்ணே.”

“என்ன தெரியுது, மண்டு? சைக்கிள உள்ள கொண்டா. வெயில்ல டயர் போயிடும்.”

அடுக்களையில் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தாளை ஒட்டுவதற்கு முன்னால் நானே வந்து சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றேன். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

“அந்த வருஷம் சாக்கு எட்டு நாள் கெடந்துச்சு. மழை. மில்லுல வரிசை. எனக்கே தெரியும். உன் நாக்கு பொய் சொல்லாதுன்னும் தெரியும். நீ வந்து சொல்லலையேன்னுதான்...”

நான் அழுதேன். அவனும்தான். “ரெண்டு பேரும் சேந்து சூப்புக்கு உப்பு மிச்சம் பண்ணுங்க” என்றாள் கலியோப்பி.

சரியான நாளில் வந்திருந்தால், அவன் கதவைத் திறந்தது எனக்காகவா, வழக்கத்துக்காகவா என்று கடைசிவரை தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் தாங்குமா?

ஏப்ரல் 24, புதன்

அண்ணன் என் சைக்கிளை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். கோழிக்கூண்டில் போய் நின்றான். முட்டி சிராய்ப்பு. “பிரேக் சரியில்ல” என்கிறான். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது.

மே 6, திங்கள்

இன்றுதான் திருநாள். காலையிலிருந்து ராக்கி ஊற்றி ஊற்றிக் கை சலித்துவிட்டது. இரண்டு நிமிடம் திருடி இதை எழுதுகிறேன். ஊரே உள்ளே இருக்கிறது. படியேறி வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணன் என்னைக் காட்டி அதையேதான் சொல்கிறான்:

“நீங்க எல்லாம் இப்பத்தான் வர்றீங்க. என் தங்கச்சி பதிமூணு நாள் முன்னாடியே வந்துட்டா.”